மெழுகில் வைத்த மூக்கு

தம்பி,

நீ ஆராய்ச்சிக்காக ஜெர்மனிக்குக் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன் அம்மா உள்ளே உன் பெட்டியை மூன்றாவது முறையாக எடை போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் முன்னறையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்குகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். மூன்றிலும் வாழ்த்து இருந்தது, பெருமை இருந்தது, குளிருக்குக் காதை மூடிக்கொள் என்ற வரி இருந்தது. சொல்ல வந்தது மட்டும் இல்லை. ஆகவே இந்த முறை அதையே முதலில் எழுதுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பெற்றவனுக்குப் பிள்ளைமேல் பொறாமை வருமா என்றால், வரும். எனக்குப் பல வருடங்களாக இருக்கிறது. அதனால் ஆறு மாதத்துக்கு முன் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். உன் ஆராய்ச்சிக்கு வேண்டியதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, இல்லை என்று சொன்னேன்.

அன்று மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் நடந்த காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனாய். மடிப்புக் கலையாத சட்டை போட்டு, கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். நீ மேடையேறி மூக்குக்குள் வளரும் ஒரு கட்டியைப் பற்றிப் பேசினாய். சாதாரணச் சதை வளர்ச்சி வெளிப்பக்கம் தொங்கும். இது உள்பக்கம் வளரும், ரப்பர் கையுறையின் விரல்களை உள்ளே தள்ளிவிட்டதுபோல, என்றாய். எடுத்தாலும் திரும்ப வரும், சிலருக்குப் புற்றாக மாறும் என்றாய். பிறகு திரையில் ஒரு படம் வந்தது. இளஞ்சிவப்பும் நீலமுமாகச் செல்கள். அவற்றில் சிலவற்றில், சுருங்கிப்போன உட்கருவைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். மருவை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தின் காலடித் தடமாக இது இருக்கலாம் என்று சொல்லி, அந்த வளையத்தைப் பார்க்க உன் கண்ணைத் திறந்துவிட்டவர் என்று உன் பேராசிரியரைக் காட்டினாய். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து என்னைக் காட்டினாய். "எங்க அப்பா லேப் டெக்னீஷியன். சாயங்காலம் ஃபார்மலின் வாசனை முதல்ல வீட்டுக்குள்ள வரும், அப்பா அதுக்குப் பின்னால வருவார்" என்றாய். கூட்டம் அன்போடு சிரித்தது. நானும் சிரித்தேன். நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வளையத்தை நீ ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோதே நான் பார்த்துவிட்டேன். இடைவேளையில் கையில் தேநீர்க் கோப்பையோடு, உன் பேராசிரியரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் இளநீர்க் கடையில் காரை நிறுத்தினாய். அப்போது கேட்டாய்: "அப்பா, உங்க லேப் மூடினப்போ சதைய மெழுகுல வெச்ச பழைய பிளாக்கெல்லாம் என்ன ஆச்சு?" எதற்கு என்றேன். "வைரஸ் இருக்குன்னு கண்டுபிடிக்கறது ஈஸிப்பா. அதுதான் காரணம்னு சொல்றதுதான் கஷ்டம். காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. பழம் விழுந்தப்புறம்தான் ஆளு எங்ககிட்ட வராங்க. விழறதுக்கு முன்னாடி காக்கா மரத்துல இருந்துச்சா? அதுக்கு ஒரே ஆளோட முதல் கட்டியும் வேணும், புத்தா மாறின கட்டியும் வேணும். பழைய மெழுகுல டிஎன்ஏ உடைஞ்சுபோயிருக்கும், ஆனா சின்னத் துண்டு கிடைச்சாப் போதும். அந்த மாதிரி ஜோடிதான் எங்கயும் கிடைக்கல" என்றாய். நான் இளநீரை முழுவதும் குடித்து முடித்துவிட்டு, "எல்லாம் போச்சுப்பா. மூடினப்பவே அள்ளிப்போட்டுட்டாங்க" என்றேன். நீ நம்பினாய். அப்பா பொய் சொல்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் ஆய்வகத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், நினைவிருக்கிறதோ என்னவோ. செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். டாக்டரம்மா ஒருவர், நான் ஒருவன். சுற்று வட்டாரத்துச் சிறிய மருத்துவமனைகளில் வெட்டியெடுத்த சதையெல்லாம் புட்டிகளில் எங்களிடம் வரும். அதை ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மெழுகில் பொதிந்து, பிளாக் செய்து, முடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. அதைப் பார்த்து நோயின் பெயரை எழுதுவது அவருடைய வேலை. ஏசி கிடையாது. மே மாதச் செங்கல்பட்டு வெயிலில் மெழுகு இளகிப்போகும். கத்தி பட்டால் ஏடு வராது, சுருண்டு கசங்கும். சீவுவதற்கு முன் பிளாக்கை ஐஸ் மேல் வைத்தாக வேண்டும். எங்களிடமிருந்த பழைய குளிர்பெட்டி அந்த மாதத்தில்தான் கெட்டுப்போகும்.

அப்படித்தான் தேசிங்கு பழக்கமானார். புதுப்பட்டினத்து மீனவர். வலது மூக்கு அடைத்து, அவ்வப்போது ரத்தம் கசிகிறது என்று அங்கே ஒரு டாக்டரிடம் போக, அவர் சதையை எடுத்துப் புட்டியில் போட்டு இவர் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார். நான் வியர்த்து வழிந்துகொண்டு கசங்கிய ஏட்டோடு மல்லுக்கட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்தார். "இன்னா சாரு, ஐஸ் இல்லாமயா பேஜாரு? மொதல்லயே சொல்றதில்ல" என்றார். மறுநாள் மீன் ஏற்றி வந்த வண்டியிலிருந்து ஒரு பெரிய ஐஸ் கட்டியைக் கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அறை முழுக்க மீன் நாற்றம் என்று டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். தேசிங்கு என்னைப் பார்த்தார். "உனக்கு நாறுதா?" "இல்லீங்க. ஃபார்மலின்ல என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு." "எனக்கும் நாறல சாரு. மீன்காரனுக்கு மீன் வாசன தெரியல. நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதிதான் போ" என்று அவர் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் கோடை முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை ஐஸ் வந்தது. என் வேலையைப் பார்க்க நின்ற நோயாளி அவர் ஒருவர்தான்.

அவர் கொண்டுவந்த ஐஸில் குளிர்ந்த முதல் மெழுகு அவருடைய மூக்கிலிருந்து எடுத்ததுதான். சதை இரண்டு துண்டாக வந்திருந்ததால் இரண்டு பிளாக் செய்து 1-அ, 1-ஆ என்று எழுதினேன். 1-அ சாதாரணச் சதை வளர்ச்சி. 1-ஆவைச் சாயம் போட்டு, டாக்டரம்மாவுக்கு அனுப்புவதற்கு முன் வழக்கம்போல் ஒருமுறை பார்த்தேன். அதில்தான் வளையங்கள் இருந்தன. தம்பி, எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று யோசித்துப் பார். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றவில்லை. வைரஸ் என்று தோன்றவில்லை. என் வேலை கெட்டுவிட்டது என்று தோன்றியது. ஃபார்மலின் சரியாக ஊறாவிட்டால் செல் சுருங்கி, உட்கருவைச் சுற்றி இப்படி வெற்றிடம் விழும். முந்தின மாதம் அப்படி ஒரு தகட்டை டாக்டரம்மா திருப்பி அனுப்பியிருந்தார். திட்டவில்லை, "இன்னொரு தடவ பண்ணிடுங்க" என்றுதான் சொன்னார். அதற்கே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. 1-ஆவை மறுபடி சீவினேன். மறுபடியும் வளையம். ஏழு முறை சீவினேன். வளையம் போகவில்லை. கடைசியில் 1-அ தகட்டை மட்டும் டாக்டரம்மா மேசையில் வைத்தேன். பதிவேட்டில் ஒரு பிளாக் என்று எழுதினேன். என் அழகான எழுத்தில், மையொழுகாமல். அவர் பார்த்தார், சாதாரணச் சதை வளர்ச்சி என்று எழுதினார். அவர் முன்னால் இருந்ததற்கு அது சரியான பெயர்தான்.

ஒன்றரை வருடத்தில் தேசிங்குக்கு மறுபடி அடைத்தது. இந்த முறை டாக்டரம்மா, உள்பக்கம் வளரும் கட்டி என்று அதன் உண்மையான பெயரை எழுதினார். சென்னையில் பெரிய அறுவை சிகிச்சை செய்தார்கள். மறுபடி வந்தது. அதற்கடுத்த முறை வந்த புட்டியில் இருந்தது புற்று. அதில் தேசிங்கு போய்ச் சேர்ந்தார், பிறகு ஐஸ் வரவில்லை. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவருடைய தகட்டை எடுத்துப்போய், யாருமில்லாதபோது 1-ஆவின் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டாக்டரம்மாவின் தடித்த புத்தகங்களைப் படித்தேன். ஃபார்மலின் பிழைக்கும் வைரஸ் வளையத்துக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு நானே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகும் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா காலமான பின் ஆய்வகத்தை மூடினார்கள். பழைய பிளாக்குகளைக் கழிக்கச் சொன்னார் அவர் மகன். தேசிங்குடைய ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு, வெயில் படாத இடமாக, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

நீ கேட்கலாம்: இது பயம்தானே அப்பா, இதில் பொறாமை எங்கே? மறைத்தது பயம். இத்தனை வருடம் பூட்டி வைத்ததும், அன்று இளநீர்க் கடையில் பொய் சொன்னதும் பொறாமை. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். தேசிங்கின் முதல் பிளாக்கைச் சீவிய அதே வருடம், உன் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தேரையைத் தொட்டால் மரு வரும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்ல, நீ எழுந்து, "இல்ல சார், அது வைரஸால வருது" என்றாயாம். அவர் கோபத்தில் இருந்தார். நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். எங்களிடம் வந்த மருக்களுக்கு டாக்டரம்மா அப்படித்தான் எழுதுவார். இருந்தும் அவரிடம் உன்னை மன்னிப்புக் கேட்கவைத்தேன். கொளவாய் ஏரிக்கரை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது கேட்டாய்: "அப்பா, நான் சொன்னது தப்பா?" "தப்பில்லப்பா. ஆனா எழுந்து நின்னு சொல்லக்கூடாது" என்றேன். பெரியவர்களுக்கு மரியாதை என்று அன்று அதற்குப் பெயர் வைத்தேன். உண்மை அதுவல்ல. பதினான்கு வயதில் நீ எழுந்து நின்றுவிட்டாய். நாற்பதைத் தாண்டிய என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. எழுந்து நின்ற உன் கால்களைத்தான் நான் தண்டித்தேன். அதன்பின் நீ வாங்கிய ஒவ்வொரு பதக்கத்தையும் துடைத்து அலமாரியில் வைத்தேன். ஒவ்வொன்றைத் துடைக்கும்போதும், இவனைப்போல ஒரு நாள் நானும் வாய் திறந்திருந்தால் என்று நினைத்தேன். பெருமையும் பொறாமையும் ஒரே துணியில் துடைக்கப்பட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். டப்பாவைக் கொடுத்தால் நீ புகழடைவாய் என்று மட்டும் நான் பொறாமைப்படவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, "வைரஸ் இல்லப்பா, அது உங்க ஃபார்மலின்தான்" என்று நீ சொல்லிவிடுவாயோ என்றும் பயந்தேன். வாழ்நாளில் நான் ஒன்றே ஒன்றைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அதுவும் ரகசியமாக. சோதிக்காதவரை அது எனக்குச் சொந்தம்.

போன வெள்ளிக்கிழமை உன் அம்மா முறுக்குக்கு டப்பா தேடினாள். மூடியைத் திறந்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள். "இன்னாங்க இது? புள்ளைக்கு முறுக்கு வெக்கலாம்னு பார்த்தா மெழுகு மெழுகா கீது!" மழுப்பப் பார்த்தேன். நாற்பது வருடம் கூட இருந்தவள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "உன் புள்ள உனக்குப் பங்காளியா?" என்றாள். பிறகு கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, "மொதல்ல தேசிங்கு பொண்டாட்டி வூட்டுக்குப் போ. அது அவங்க பொருளு. அப்புறம்தான் உங்க ரெண்டு பேரோட பஞ்சாயத்து" என்றாள்.

சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் போனேன். தேசிங்கின் மனைவி கன்னியம்மா மீன் மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை இரண்டு முறை பார்த்தாள். "யாரு, ஐஸ் சாரா? உசுரோடதான் கீறியா?" பக்கத்தில் இருந்த மரப்பலகையைத் தட்டி உட்காரச் சொன்னாள். நான் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். "அவுரு மூக்க இம்மாம் வருஷமா டப்பால போட்டு வெச்சிகினு கீறியா?" என்றாள். "மூக்கு இல்லம்மா, மூக்குல இருந்து எடுத்த சதை" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான். கேட்டியாடி, ஆளு மண்ணுக்குள்ள பூட்டாரு, மூக்கு செங்கல்பட்டுல குந்திகினு கீதாம்" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். கண் கலங்கச் சிரித்தாள்.

பிறகு 1-ஆவைப் பற்றிச் சொன்னேன். ஒரு தகட்டை மறைத்ததை, பதிவேட்டில் எழுதியதை. அவள் கத்தி நின்றது. "அத்த குடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?" "தெரியாதும்மா. பொழச்சிருப்பார்னு சொல்ல முடியாது. மொதல் தடவையே அடி வரைக்கும் எடுத்திருப்பாங்க. அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்திருப்பாங்க." அப்புறம் ஒரு மீனை எடுத்து அதன் செவுளைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பாக இருந்தது. "நாங்க இத்தத் தூக்கிக் காட்டித்தான் சாரு விக்கறோம். கெட்டிருந்தாலும் காட்டித்தான் ஆவணும். நீ செவுள மூடிட்டு வித்துட்ட." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆமாம்மா" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேறொன்று கேட்டாள். "வைரசுன்றியே, அது தொத்துமா? எனக்கு, எம்பொண்ணுங்களுக்கு?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: அந்தக் குடும்பத்து வைரஸ் ஊரெல்லாம் இருக்கிறது, பெரும்பாலோர் உடம்பு அதைத் தானாகத் துரத்திவிடும், மூக்கில் இந்தக் கட்டி வந்தவரிடமிருந்து வீட்டிலிருப்பவருக்குக் கட்டி வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை, அவருக்கு வந்ததற்கே அதுதான் காரணமா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. "ஒரு பக்கம் மட்டும் மூக்கு அடைச்சி, ரத்தம் வந்தா மட்டும் தள்ளிப்போடாமக் காட்டணும். அது எல்லாருக்கும்தான்" என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். "அவுரு குடிச்ச டம்ளர இன்னும் தனியாத்தான் வெச்சிகினு கீறேன் சாரு. இத்தக் கேக்க எனக்கு ஆளில்ல" என்றாள். தம்பி, அவளுக்குப் பதில் சொல்லக்கூடியவன் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அரிசிப் பானைக்குப் பின்னால் டப்பாவை ஒளித்துக்கொண்டிருந்தான்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்த சம்மதத் தாளைப் படித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். "உன் புள்ளைக்குக் குடு. ஆனா ஒண்ணு. அது காதுல மட்டும் குசுகுசுன்னு ஓதாத. நாலு பேருக்குத் தெரியறாப்ல சொல்லு. யாரு மூக்கு, யாரு மறைச்சதுன்னு. அவுரு பேரையும் சொல்லு" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நீ படித்தபின் உன் பேராசிரியரும் படிக்கலாம், அந்தக் கூட்டத்துக்கு வந்த மருத்துவர்களும் படிக்கலாம். உன் ஆராய்ச்சிக் குழு அந்தத் தாளை ஏற்குமா என்று தெரியாது. முறையான படிவம் வேண்டுமென்றால் அவளிடம் நீயே போ, தரையில் உட்கார்ந்து கேள். தாளின் மூலையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. நான் எடுக்கவில்லை.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பா என்பதால் ஒன்று சொல்கிறேன். அங்கே உன் கீழும் ஒரு டெக்னீஷியன் இருப்பார். உன் மேசைக்கு வரும் தகடு அவர் அனுப்பத் துணிந்த தகடுதான் என்பதை மறக்காதே. வாரத்துக்கு ஒருமுறையாவது அவரிடம் போய், அனுப்பாமல் வைத்திருப்பது என்ன என்று கேள். கோபமில்லாமல் கேள். எங்கள் டாக்டரம்மா நல்லவர், கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். கேட்காமலே காட்டியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம், அது என் பாடம். உனக்கு வேண்டிய பதில் வராத பிளாக்கையும் எழுது. தேசிங்கின் மூக்கில் வைரஸ் இல்லையென்றால் இல்லை என்றே எழுது. அது என் ஃபார்மலின் என்றால் அதையும் எழுது. எனக்கு வலிக்கும். எழுது.

டப்பா உன் மேசைமேல் இருக்கிறது. ஐந்து பிளாக், ஒவ்வொன்றின் எண்ணும் தேதியும் உள்ளே எழுதி வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை வைத்தபோது நான்குதான் வைத்தேன். 1-ஆவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இத்தனையும் எழுத முடிவு செய்த பிறகும், கன்னியம்மாவின் கையெழுத்து வாங்கிய பிறகும், அதை மட்டும் உனக்குத் தர மனம் வரவில்லை. நேற்று முழுவதும் அதைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனேன், உன் அம்மாவோடு சாப்பிட்டேன், நீ போனில் பேசியபோது பைமேல் கை வைத்துக்கொண்டு பேசினேன். இந்தக் கடிதத்தின் முந்தைய பத்தியை எழுதிவிட்டு எழுந்துபோய் டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு நாள் முழுக்க உடம்புச் சூட்டில் இருந்ததால் மெழுகு கொஞ்சம் இளகியிருக்கும். சீவுவதற்கு முன் நன்றாக ஐஸில் வை.

அப்பா